கம்ப்யூட்டர் இல்லாமல் பிறந்த 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்'

கேள்வி: ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1981இல் வெளியிட்ட 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' ஆல்பத்தை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்? கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் வருகிற சத்தம்தானே! அதில் வாசிப்பவருக்கு என்ன வேலை?

பதில்: டுசல்டார்ஃபில் உள்ள தங்கள் 'கிளிங் கிளாங்' ஸ்டூடியோவில் அதைப் பதிவுசெய்தபோது அவர்களிடம் கம்ப்யூட்டரே கிடையாது. மின்னழுத்தத்தால் ஒலி எழுப்பும் அனலாக் சிந்தசைசர்களும், ஸ்வரங்களை வரிசையாக அவற்றை வாசிக்கவைக்கும் சீக்வென்சரும்தான் இருந்தன.

அப்படிப்பட்ட சீக்வென்சரில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு திருகு உண்டு. திருகினால் மின்னழுத்தம் மாறும், அதோடு சுருதியும் மாறும். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்பது பரவலான கணக்கு. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 83 மில்லிவோல்ட். திருகு 20 மில்லிவோல்ட் தள்ளி நின்றாலே அபஸ்வரம் காதில் குத்தும். அறை சூடானால், சிந்தசைசருக்குள் ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டரின் சுருதி நகர்ந்துவிடும். தம்புராவைப் போல மறுபடி மறுபடி சேர்க்க வேண்டும். கருவிகளை இணைக்கும் 'மிடி' முறை 1983இல்தான் வந்தது. அதற்கு முன் மின்துடிப்புகளை அனுப்பித்தான் இயந்திரங்களை ஒரே காலப்பிரமாணத்தில் ஓட்டினார்கள். ஒரு துடிப்பு தவறினால் அங்கிருந்து எல்லாமே பிசகும். உங்களுக்கு 'இயந்திரத்தனம்' என்று படும் அந்தத் துல்லியம் முழுக்க முழுக்கக் கை உழைப்பு.

தலைப்புப் பாடலின் எந்திரக் குரலுக்கு வோகோடர், அதாவது பேச்சின் உச்சரிப்பைக் கீபோர்டு ஒலியின் மேல் ஏற்றும் கருவி. பேசுகிறவர் ராகம் போட வேண்டாம், எழுத்துகளை அழுத்தி உச்சரித்தால் போதும். சுருதியைக் கீபோர்டு தரும். அந்தக் கீபோர்டு ஒலி மந்தமாக இருந்தால் சொல் விளங்காது. 'ஸ', 'ஷ' போன்றவை உச்ச அதிர்வெண்களில் இருப்பதால் முதலில் காணாமல்போவது அவைதான். கொஞ்சம் இரைச்சலைக் கலந்தால் திரும்பக் கேட்கும்.

ஏழு பாட்டு, 34 நிமிடம். அதில் 'நம்பர்ஸ்' ஒன்றே போதும், இந்த ஆல்பத்துக்காக நான் வாதாட. மெட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. தாளமும், பல மொழிகளில் ஒன்று, இரண்டு எண்ணும் குரல்களும்தான். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் ஹிப்ஹாப் கலைஞர் ஆஃப்ரிகா பம்பாட்டா தன் 'பிளானட் ராக்' பாட்டின் தாளத்துக்கு இதைத்தான் அடித்தளமாக்கினார்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். 'நம்பர்ஸ்' முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் 'கம்ப்யூட்டர் வேர்ல்ட் 2' தொடங்கும். தலைப்புப் பாடலின் மெட்டு மேலே திரும்பி வரும்போதும், அடியில் அந்த எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்.