முப்பத்தொராவது ‘இறுதி’

கேள்வி: எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்குக்காக ஒரு பாடலை வீட்டுக் கணினியிலேயே ஒலிப்பதிவு செய்து வருகிறேன். தை மாதம் தொடங்கிய வேலையில் ‘இறுதி’ என்று பெயரிட்ட கோப்புகளே 31 சேர்ந்துவிட்டன. உடுக்கின் ஒலியை 19ஆவதில் கூட்டினேன், 24ஆவதில் குறைத்தேன், 29ஆவதில் மறுபடியும் கூட்டினேன். ஒரு பாடல் முடிந்துவிட்டது என்பதை எதைக்கொண்டு அறிவது?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். கூட்டியதைக் குறைத்தும் குறைத்ததைக் கூட்டியும் வருகிறீர்கள் என்றால், நீங்கள் திருத்துவது பாடலை அன்று. அன்றன்றைய உங்கள் காதைத்தான். மணிக்கணக்காக உரத்த ஒலியைக் கேட்ட காது மந்தமாகிவிடுவதால், இரவில் போதாது என்று கூட்டியது காலையில் காதைக் குத்தும். ஒலியளவைத் தாழ்த்திக் கேட்கும்போது நடுத்தர ஒலிகளை விட அடித்தொனிகள் மிகுதியாக மங்கிவிடுகின்றன என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே நாளுக்கொரு ஒலியளவில் கேட்பவருக்கு நாளுக்கொரு குறை தென்படுவதில் வியப்பில்லை.

மூன்று நாள் கோப்பைத் திறக்காதீர்கள். நான்காம் நாள் காலையில், கணினித் திரையை அணைத்துவிட்டு (திரையில் ஓடும் அலைகளைப் பார்த்தபடி கேட்பவர் பாதி கண்ணால்தான் கேட்கிறார்), எப்போதும் வைக்கும் அதே ஒலியளவில் பாடலை ஒருமுறை முழுவதுமாகக் கேட்டு, உறுத்தியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள், எதையும் தொடாதீர்கள். மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இன்னொரு தாளில் எழுதுங்கள். இரண்டு தாளிலும் இருப்பவை மட்டுமே குறைகள். அவற்றைத் திருத்தியபின் வேலை முடிந்தது.

தாளில் ‘இரண்டாம் சரணம் இழுக்கிறது’ என்று வந்திருந்தால், அது ஒலிக்கலவையால் தீரும் நோயன்று. குரலையும் உடுக்கையும் மட்டும் விட்டு மற்றவற்றை நிறுத்திக் கேளுங்கள். அப்போதும் இழுத்தால், இடையிசையில் நான்கு தாளவட்டத்தை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பலர் இந்தக் கத்தரியை எடுக்கத் தயங்கித்தான் மாதக்கணக்காகக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருமுறை ஒரு தாலாட்டில், பல்லவிக்கு முன் பாடகி இழுத்த மூச்சு எனக்குப் பெருங்குறையாகப்பட, ஒரு வாரம் மினக்கெட்டு அதை நீக்கினேன். பிறகு கேட்டால், குரல் சுவரிலிருந்து வருவதுபோல் இருந்தது. மூச்சைத் திரும்ப வைத்தேன். இன்றுவரை அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நமது கூத்திலும் சட்டங் கொடுத்து (ஆடுவோருக்கு அவரவர் பாட்டுப் பிரதியைக் கையளித்து), மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, அடுக்குப் பார்த்த (முழு ஒத்திகை நடத்திய) பிறகே அரங்கேற்றம். ஆனால் அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தபின் தருவின் (கூத்துப் பாட்டின்) மெட்டை மாற்றும் அண்ணாவியாரை, அதாவது கூத்துப் பழக்கும் ஆசானை, நான் கண்டதில்லை. உங்களுக்கு அம்மனே நாள் குறித்துத் தந்திருக்கிறாள். சடங்கை நிறைவுசெய்யும் குளிர்த்திக்கு இரண்டு வாரம் முன்னதாக உங்கள் அடுக்கைப் பார்த்துவிடுங்கள். அதற்குக் கோயில் ஒலிபெருக்கியும் ஒரு சாதாரணக் கைபேசியும் போதும். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அடித்தொனி ஏறக்குறைய இல்லாமலே போகும். அங்கேயும் தாளம் புரிந்தால் போதுமானது.

கேள்வி: வேலை முடிந்த பாடல், மற்றவர்களின் பாடல்களுக்குப் பக்கத்தில் சத்தம் குறைவாகக் கேட்கிறது. அப்படியானால் இன்னும் முடியவில்லையா?
– வாசகி ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: சத்தம் கூடியது நல்லதாகத் தோன்றுவது காதின் பழைய பலவீனம். இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிடுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களை ஏறத்தாழ –14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்தியே ஒலிக்கவிடுவதால், நெருக்கிப் பிழிந்து சத்தமாக்கிய பாடல் அங்கே தாழ்த்தப்படும். பிழிந்ததால் போன உயிர்ப்பு மட்டும் திரும்பாது. சமப்படுத்திக் கேட்டும் உங்கள் குரல் பின்தங்கினால் குரலை மட்டும் ஒரு டெசிபல் உயர்த்துங்கள்.