கோபால்ட் சேர்மம்: ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் ஏறுகிறதா?

அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் உங்கள் கோபால்ட் சேர்மத்தோடு அமிலம் சேர்த்து, மின்னழுத்தத்தை மாறிமாறி ஏற்றி இறக்கி ஓட்டும்போது, சுற்றுக்குச் சுற்று ஹைட்ரஜனை உண்டாக்கும் மின்னோட்டம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்மம் அருமையான வினையூக்கி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மூலக்கூறு சிதைந்து, கோபால்ட் படிவு மின்முனையில் ஒட்டியிருக்கலாம். கோபால்ட் சேர்மங்கள் சிலவற்றில் இது தெரிந்த சிக்கல்தான்.

மின்முனையைக் கழுவுங்கள், ஆனால் மெருகேற்ற வேண்டாம். அப்புறம் சேர்மம் இல்லாத, அதே அளவு அமிலம் உள்ள புதுக் கரைசலில் ஓட்டுங்கள். சுத்தமான மின்முனை தருவதைவிட மின்னோட்டம் அதிகமாக நீடித்தால், வேலை செய்வது பெரும்பாலும் படிவுதான். மறைந்துவிட்டால்கூட உடனே நம்பிவிடக் கூடாது. மின்னழுத்தத்தை நிறுத்தியதும் படிவு அமிலத்தில் கரைந்துவிடக்கூடும். அதனால் நிறுத்திய கையோடு மின்முனையை வெளியே எடுத்துவிடுங்கள்.

எந்த அமிலம் என்று சொல்லுங்கள். வலுவானது என்றால், சேர்மத்தைச் சிதைப்பது அதுவாக இருக்கலாம்; முதலில் அதைத்தான் மாற்றிப் பார்ப்பேன்.