ஹெபடைடிஸ் சி: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு வயது 46. ஹெபடைடிஸ் சி இருப்பது உறுதியாகிவிட்டது. இந்த வைரஸ் கல்லீரல் செல்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று படித்தேன். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, சிலிமரின் (மில்க் திஸில் என்ற மூலிகையின் சாறு) மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த வைரஸ் மருந்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் படித்த தகவல் சரிதான். அதிலிருந்து எடுத்த முடிவில்தான் கோளாறு. அது ஏன் என்று விளங்க, செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

செல்லுக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா. அந்த வேலையில் எலக்ட்ரான்கள் சிறிதளவு கசிந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடு என்ற வினைமிகுந்த பொருளாகும். இது நலமான உடலிலும் ஓயாமல் நடப்பதுதான். ஒரு நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ் நொதியும், செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளுட்டாதயோனைப் பயன்படுத்தும் நொதிகளும் அதை நீராக்கிவிடும். உற்பத்தி இந்தத் துப்புரவை விஞ்சும்போது ஏற்படுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

ஹெபடைடிஸ் சி வைரஸ் இந்தச் சமநிலையைப் பல பக்கங்களிலிருந்து குலைக்கிறது. அதன் 'கோர்' புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகும், ஆற்றல் தயாரிக்கும் எலக்ட்ரான் சங்கிலியின் முதல் கட்டம் தடுமாறும், கசிவு கூடும். என்.எஸ்.5ஏ என்ற இன்னொரு புரதம், செல்லின் கால்சியம் கிடங்கான எண்டோபிளாச வலையைக் கலைத்துவிடுகிறது. இவை போதாதென்று இரும்பும் சேர்ந்துகொள்கிறது. குடலிலிருந்து எவ்வளவு இரும்பு உள்ளே வரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் ஹார்மோன் இந்தத் தொற்றில் குறைகிறது. கல்லீரலில் இரும்பு தேங்குகிறது. அந்த இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஹைட்ராக்சில் ராடிக்கலாக மாற்றும். இருப்பதிலேயே மூர்க்கமானது இதுதான். இதைச் செயலிழக்கச் செய்ய உடலில் நொதியே கிடையாது. பிறந்த இடத்திலேயே கொழுப்பையோ டி.என்.ஏ.வையோ கடித்துவிடும்.

ஹெபடைடிஸ் பி-யின் வழி சற்று வேறு. அதன் 'எக்ஸ்' புரதமும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யும். கூடவே, வைரஸின் மேலுறைப் புரதம் எண்டோபிளாச வலையில் குவிந்து நெரிசல் உண்டாக்கும். அப்படிப்பட்ட செல்கள் நுண்ணோக்கியில் தேய்த்த கண்ணாடிபோல் மங்கலாகத் தெரியும். திசுப் பரிசோதனை செய்பவர்களுக்குப் பழகிய காட்சி அது. வைரஸ் எதுவானாலும், அதைத் தாக்க வரும் நம் தற்காப்பு செல்களும் இதே வினைமிகு பொருள்களைத்தான் ஆயுதமாகக் கக்குகின்றன. ஹெபடைடிஸ் ஏ-யில் இது பெரும்பாலும் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். நாள்பட்ட பி, சி தொற்றுகளிலோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

சிதைந்த கொழுப்பிலிருந்து வரும் பொருள்கள் கல்லீரலில் உள்ள ஸ்டெல்லேட் செல்களைத் தூண்டிவிட, அவை கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் சுரந்து தழும்பை வளர்க்கின்றன. அது முற்றி, கல்லீரல் முழுதும் தழும்பாகி இறுகினால் சிரோசிஸ். ஹெபடைடிஸ் சி-யின் மரபணு நம் டி.என்.ஏ.வில் நுழைவதே இல்லை. அப்படியிருந்தும் அது புற்றுநோய்வரை கொண்டுபோவதற்கு, ஓயாத அழற்சியோடு இந்த டி.என்.ஏ. சேதமும் ஒரு காரணம்.

அழுத்தத்தைத் தணித்தால் பலன் இருக்கிறதா? ஓரளவு உண்டு. இன்றைய மருந்துகள் வருவதற்கு முன், சில நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து உடலின் இரும்பைக் குறைத்தபோது, கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏ.எல்.டி. நொதியின் ரத்த அளவு இறங்கியது. ஆனால் வைரஸ் போய்விடவில்லை. சிலிமரினுக்கு அந்தப் பலன்கூடக் கிடைக்கவில்லை. இன்டர்ஃபெரான் என்ற பழைய மருந்துச் சிகிச்சை பலிக்காத 154 ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம், வழக்கத்தைவிட அதிக அளவில் 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. அவர்களில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சிலிமரின் எடுத்தவர்களுக்கும் ஏ.எல்.டி.யில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

வைட்டமின் ஈ விஷயம் இன்னும் விசித்திரமானது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில், கொழுப்பு ஆக்சிஜனேற்றம் ஹெபடைடிஸ் சி-யின் பெரும்பாலான வகைகளின் பெருக்கத்தை அடக்கிவைக்கிறது என்றும், வைட்டமின் ஈ சேர்த்தால் அந்தப் பிடி தளர்ந்து வைரஸ் கூடுதலாகப் பெருகுகிறது என்றும் 2014-இல் கண்டறிந்தார்கள். செல்லில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும், 'எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டாலும் நட்டமில்லை' என்ற விளம்பரப் பேச்சை நம்பாமலிருக்க இது போதும்.

பாராசிட்டமால் நஞ்சேறியவருக்கு அசிட்டைல்சிஸ்டீன் உயிர்காக்கும் மருந்தாகிறதே என்று கேட்கலாம். அங்கே குளுட்டாதயோன் திடீரெனத் தீர்ந்துபோகிறது. மருந்து அந்தக் குறையை நிரப்புகிறது. இங்கே வைரஸ் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சேதத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் மருத்துவர் தரும் நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வாரங்களில் வேலையை முடித்துவிடும். 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம் செய்துகொள்ளுங்கள். சி அடங்கும்போது, மறைந்திருக்கும் பி தலைதூக்கலாம். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மூலிகை, அமிலக் குறைப்பு மருந்து உட்பட, மருத்துவரிடம் சொல்லுங்கள். சில இந்த மருந்துகளோடு ஒத்துப்போகாது.

மது அறவே வேண்டாம். அதுவும் இதே ஆக்சிஜனேற்ற வழியில்தான் கல்லீரலைத் தாக்குகிறது. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரியாமல் இரும்புச் சத்து மாத்திரை எடுக்காதீர்கள். ஏ.எல்.டி. இயல்பாக இருக்கிறது என்று நிம்மதியடையவும் வேண்டாம். அப்போதும் தழும்பு வளரக்கூடும், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற பரிசோதனையில்தான் அது பிடிபடும்.

சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து, ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்யுங்கள். ஆன்டிபாடி பரிசோதனை குணமான பிறகும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும், பதற வேண்டாம். ஏற்கெனவே சிரோசிஸ் வந்திருந்தால், வைரஸ் ஒழிந்த பிறகும் 6 மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுப்பதை நிறுத்தக் கூடாது.