புல்லை வெட்டியது யார்?

கேள்வி: நானும் என் பத்து வயது மகனும் விடுமுறை நாட்களில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு பழைய நாணயம் தேடப் போவோம். நண்பனின் அப்பா தன் நிலத்தில் தேட அனுமதி கொடுத்தார். நிலத்தின் ஒரு மூலையில் ஐந்தாறு பழைய கல்லறைகள் உள்ளன. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, யாரும் வருவதில்லை. அவற்றைச் சுற்றி மட்டும் புல் வெட்டியிருந்ததால் அங்கே தேடுவது சுலபமாக இருந்தது. ஒரு கல்லிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் தங்க மோதிரம் கிடைத்தது. கல்லறையைத் தொடவே இல்லை. சில வாரங்களாகியும் பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை. மோதிரத்தை நாங்களே வைத்துக்கொள்ளலாமா? ஆவி, சாபம் என்று மனைவி பயப்படுகிறாள்.

பதில்: மோதிரத்துக்கு அப்புறம் வருவோம். புல்லை வெட்டியது யார், தம்பி?

“யாரும் வருவதில்லை” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கல்லறைகளைச் சுற்றி மட்டும் புல் வெட்டியிருந்தது என்கிறீர்கள். ஆடு மேய்ந்தால் அப்படி அளவெடுத்து மேயாது. யாரோ ஒருவர் வந்து, குனிந்து, கல்லில் படாமல் வெட்டியிருக்கிறார். பெரும்பாலும் உங்களுக்கு அனுமதி கொடுத்த அந்தப் பெரியவராகத்தான் இருக்கும். அங்கே கிடப்பவர்கள் அவருடைய முன்னோராக இருக்கலாம். யாரென்றே தெரியாதவர்களாகவும் இருக்கலாம். அப்படியானால் அவர்மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. வாரிசு இல்லாத சமாதிக்கு, அந்த மண்ணில் இன்று யார் வாழ்கிறாரோ அவர்தான் வாரிசு என்று நினைக்கிறவள் நான். அவர் முதுகு வலிக்கச் செய்த வேலை உங்களுக்குத் தேடச் சுலபமாகப் போயிற்று!

ரொம்பப் பழசு, கேட்க ஆளில்லை, கல்லறையைத் தொடவில்லை. இப்படி எழுதுகிற எல்லோரும் இந்த மூன்றையும் தவறாமல் எழுதுகிறார்கள். இரண்டடி தள்ளியிருந்தால் கல்லறை இல்லை என்று யார் சொன்னது? கற்கள் சாயும், பெயரும், உழும்போது நகர்த்தப்படும். மரத்தில் நட்ட அடையாளம் மக்கிப்போகும். கல்லே வைக்காமல் புதைத்த குழந்தைகள் எத்தனையோ. உங்கள் கருவியிலுள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பி, உலோகத்தில் எழுகிற மின்னோட்டத்தைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். எலும்பு இருந்தால் அது கத்தாது.

அந்த மோதிரம் பிணத்தோடு போனது என்றும் நான் அடித்துச் சொல்லவில்லை. ஒரு சாண் ஆழத்தில் யாரையும் புதைப்பதில்லை. அழ வந்த ஒருத்தியின் விரலிலிருந்து நழுவியிருக்கலாம். பக்கத்தில் இன்னொரு குழி வெட்டியபோது மண்ணோடு மேலே வந்திருக்கலாம். எது என்று சொல்லியிருக்கக்கூடியது அது கிடந்த மண்தான். அதைக் கிளறிவிட்டீர்கள்.

தேடும்போது இரும்பின் ஒலியை ஒதுக்கும்படிதான் கருவியை வைத்திருப்பீர்கள். நாணயம் தேடுபவர்கள் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் சவப்பெட்டியின் மரம் மக்கிய பிறகு, ஒருவர் எங்கே எந்தத் திசையில் கிடந்தார் என்பதைக் காட்டுவது துருப்பிடித்த ஆணிகள்தான். 1939-இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் தனியார் நிலத்து மேடு ஒன்றைத் தோண்டிய பாசில் பிரவுன், இரும்பு ஆணிகள் தென்பட்டதும் பிடுங்காமல் அப்படியே விட்டு, அவற்றின் வரிசையைப் பின்தொடர்ந்தார். மரம் முழுவதும் மக்கிப்போன, சுமார் 27 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றின் வடிவம் மண்ணில் தெரிந்தது. அது ஒரு பெருந்தலைவனின் ஈமக் கப்பல். அதில் கிடைத்த தங்கமெல்லாம் நில உரிமையாளரான ஈடித் பிரிட்டிக்கே சொந்தம் என்று விசாரணையில் முடிவானது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் கையில் சட்டம் இருந்தது. உங்கள் கையில் அதுவும் இல்லை.

நிலத்தில் தேடக் கிடைத்த அனுமதியைக் கல்லறை வரைக்கும் நீட்டியது நீங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் புதையலை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். புதைத்த இடத்திலிருந்து உரிமமில்லாமல் எச்சங்களை எடுப்பதை அங்கே 1857-லிருந்தே சட்டம் தடுக்கிறது, அது சொந்த நிலமாகவே இருந்தாலும்.

ஆவி விஷயத்தில் உங்கள் மனைவிக்கு நான் சொல்ல எதுவுமில்லை. செத்தவர்கள் பாவம், எதுவும் செய்ய மாட்டார்கள். எனக்குக் கவலை உங்கள் பையனைப் பற்றித்தான். அப்பா அனுமதி கேட்டதையும் அவன் பார்த்தான். பொருள் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டதையும் இத்தனை வாரமாகப் பார்க்கிறான்.

ஆகவே இந்த வாரமே அவனையும் கூட்டிக்கொண்டு பெரியவரிடம் போங்கள். மோதிரத்தை அவர் கையில் கொடுத்து, எந்தக் கல்லின் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று சொல்லுங்கள். தாமதமாக வந்ததற்கு மன்னிப்பைப் பையன் எதிரிலேயே கேளுங்கள். எந்த அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று விசாரித்து, பெரியவரோடு நீங்களும் போங்கள். மோதிரத்தைத் தேய்க்காதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள். குற்ற உணர்ச்சியில் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பிப் புதைத்துவிட்டு வரலாம் என்றும் நினைக்காதீர்கள், அது இன்னொரு தோண்டல். இதெல்லாம் முடிந்த பிறகு அடுத்த முறை புல் வெட்ட ஆள் வேண்டுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கருவி வீட்டிலேயே இருக்கட்டும்.