முதலில் தரையைப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர், விளையாட்டுத் திடல்கள் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: புதிய குடியிருப்புக்கு மாறி வந்திருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது. நகரத்தின் பெரிய பூங்காவுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகிறது. பக்கத்தில் நல்ல திடல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெரிய பூங்காவை விடுமுறை நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்கு இப்போது தேவை, நடந்தே போய்வரக்கூடிய ஓர் இடம். நேற்று ஏறப் பயந்த ஏணியில் இன்று இரண்டு படி, நாளை மூன்று படி என்று பிள்ளை முன்னேறுவது அடிக்கடி போகும் திடலில்தான். பார்த்த முகங்களையே மறுபடியும் பார்ப்பதால் நட்பும் அங்கேதான் உண்டாகிறது. மாதத்துக்கு ஒருமுறை போகிற பிரம்மாண்டமான இடத்தில் குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஆல்டோ வான் ஐக் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர். 1947இல் ஆம்ஸ்டர்டாமின் ஒரு சிறு சதுக்கத்தில் அவருடைய முதல் திடல் திறக்கப்பட்டது. பிறகு அந்த நகரத்தில் அவர் வடிவமைத்த திடல்கள் 700ஐத் தாண்டின. பல திடல்கள் வீடுகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனைகளில் அமைந்தவை. ஒரு மணல்தொட்டி, தொங்குவதற்குச் சில கம்பிகள், தாவிச் செல்லச் சில கற்கள், பெரியவர்கள் உட்காரப் பெஞ்சுகள், அவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது அவற்றின் பெரிய பலம்.

தேடும் முறையைச் சொல்கிறேன். கைபேசி வரைபடத்தில் பெயரை மட்டும் தேடினால் சிறிய திடல்கள் அகப்படாது. பலவற்றுக்குப் பெயரே இருக்காது. செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, உங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடைதூரத்துக்குள் இருக்கும் திறந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கே மர நிழல் விழுகிறது என்பதும் அந்தப் படத்திலேயே தெரியும். அடுத்து, தள்ளுவண்டியில் குழந்தையோடு போகிறவர்களைக் கேளுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் கேளுங்கள். எந்த ஊஞ்சலுக்குச் சங்கிலி அறுந்திருக்கிறது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். உள்ளாட்சி அலுவலகத்தில் பூங்காக்களின் பட்டியலும் கிடைக்கக்கூடும்.

இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, முதல் முறை மகனை விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். பிள்ளை ஒருமுறை ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் 'இந்த இடம் வேண்டாம்' என்று முடிவெடுக்க நமக்கு மனம் வராது. வழக்கமாக நீங்கள் அழைத்துப்போகும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். காலையில் நிழலாக இருக்கும் இடம் மாலையில் வெயிலில் காயலாம். வழியில் எத்தனை சாலைகளைக் கடக்க வேண்டும், திடலின் வாசல் நேராகச் சாலையில் திறக்கிறதா, குடிநீரும் கழிப்பறையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, பெஞ்சில் உட்கார்ந்தால் திடல் முழுவதும் கண்ணில் படுகிறதா என்று கவனியுங்கள். அங்கே விளையாடும் பிள்ளைகளைச் சிறிது நேரம் பாருங்கள். ஒரே சறுக்குமரத்தின் முன் வரிசையில் நின்று சலித்துப்போகிறார்களா, அல்லது தாங்களாக ஒரு விளையாட்டை உண்டாக்கிக்கொண்டு அதில் மூழ்கியிருக்கிறார்களா? நான் ஒரு திடலை மதிப்பிடுவது முக்கியமாக இதை வைத்துத்தான்.

கேள்வி: புத்தம் புதிய திடல், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். பாதுகாப்பானதா என்று சாதாரண மனிதர்கள் எப்படி அறிவது?

பதில்: வண்ணத்தை விட்டுவிட்டு முதலில் தரையைப் பாருங்கள். திடலில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் வருபவை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார்கள், எதன்மீது விழுகிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்தே காயத்தின் அளவு அமையும். ஏறி விளையாடும் கருவிகளுக்கு அடியில் சிமெண்டோ தாரோ இருந்தால், மற்ற வசதிகள் எப்படி இருந்தாலும் அந்தத் திடல் வேண்டாம். கால்பட்டு இறுகிய மண்ணும் தேய்ந்த புல்லும்கூடப் போதிய பாதுகாப்புத் தருவதில்லை. மணல், மரச்சில்லு, அதற்கென்றே தயாரித்த ரப்பர் தரை ஆகியவை அதிர்ச்சியைத் தாங்குபவை.

மரச்சில்லாக இருந்தால் கையை விட்டு ஆழம் பாருங்கள். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அமுங்கிய நிலையில் 9 அங்குல ஆழம் கேட்கிறது. புதிதாகக் கொட்டிய சில்லு நாளடைவில் குறைந்தது கால் பங்கு அமுங்கிவிடும் என்பதால் தொடக்கத்தில் 12 அங்குலம் நிரப்பச் சொல்கிறது. ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரம் முடியும் இடத்திலும்தான் சில்லு சீக்கிரம் ஒதுங்கிப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை யாராவது வந்து நிரப்புகிறார்களா என்று சில வாரங்கள் கவனித்தால், பராமரிப்பின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

அடுத்தது இடைவெளிகள். கம்பிகளுக்கும் படிகளுக்கும் நடுவே 3.5 அங்குலத்துக்கு மேல் 9 அங்குலத்துக்குள் அகலம் இருந்தால் ஆபத்து. சிறு குழந்தை கால்களை முதலில் நுழைத்தால் உடல் வழுக்கி இறங்கிவிடும், தலை சிக்கிக்கொள்ளும். இதே காரணத்துக்காகச் சைக்கிள் தலைக்கவசம், கழுத்தில் கயிறு தொங்கும் சட்டை ஆகியவற்றோடு குழந்தையை ஏறவிடாதீர்கள். ஊஞ்சல்கள் தனிச் சட்டத்தில் இருக்க வேண்டும். ஏறுகருவியோடு இணைந்திருக்கக் கூடாது. சட்டத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே இரண்டு ஊஞ்சல்களுக்கு மேல் தொங்கக் கூடாது. வெயில் நாளில் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உலோகம் மட்டுமல்ல, நேர் வெயிலில் பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும்கூடத் தோலைச் சுடும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சுட்டால் சட்டென்று விலகத் தெரியாது.

கேள்வி: ஒன்றரை வயது மகள் தனியாகச் சறுக்கப் பயப்படுகிறாள். மடியில் வைத்துக்கொண்டு நானும் சறுக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தையின் காலணி சறுக்குமரத்தின் ஓரத்தில் உரசி நின்றுவிடும். உங்கள் எடையோ கீழே இழுத்துக்கொண்டே போகும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறுக்கி உடைவது இப்படித்தான். தனியாக வந்திருந்தால் கால் சிக்கியதும் குழந்தை நின்றிருக்கும். அவள் உயரத்துக்கு ஏற்ற சின்னச் சறுக்குமரம் இருக்கும் திடலைத் தேடுங்கள். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயம் தெளியும்வரை மணல்தொட்டியே போதும்.

கேள்வி: ஏழு வயதுப் பேத்தியை என் அம்மா எதிலும் ஏற விடுவதில்லை. 'விழுந்துவிடுவாய்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் பயம்தான். யார் சொல்வது சரி?

பதில்: அம்மாவின் கவலை அன்பினால் வருவது; அதை மதியுங்கள். ஆனால் பேத்தி ஏற வேண்டும். நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், சிறுவர்கள் தாமாகவே நாடும் துணிச்சலான விளையாட்டுகளை வகைப்படுத்தியபோது, உயரமும் வேகமும் அவற்றில் இடம்பெற்றன. ஏறி, தயங்கி, 'இதற்குமேல் வேண்டாம்' என்று தானே முடிவுசெய்து இறங்கும் குழந்தை தன் உடலின் எல்லையைக் கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடத்தை என் சிகிச்சை அறையில் என்னால் கற்றுத்தர முடிந்ததில்லை. தரை மென்மையாக, கம்பிகள் உறுதியாக இருக்கும் திடலுக்கு அம்மாவையும் அழைத்துப்போங்கள். தரையை அவரே கையால் தொட்டுப் பார்க்கட்டும். ஒன்றை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்: குழந்தையால் தானாக ஏற முடியாத உயரத்தில் தூக்கி வைக்காதீர்கள். தானே ஏறியவளுக்கு இறங்கும் வழியும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

கேள்வி: பதினோரு வயது மகள் திடலுக்கு வரவே மறுக்கிறாள். 'அங்கே எனக்கு என்ன இருக்கிறது?' என்கிறாள்.

பதில்: அவள் கேட்பது நியாயம். 1990களில் வியன்னா நகரத்தில் ஆராய்ந்தபோது, ஒன்பது வயதைக் கடந்த பெண் குழந்தைகள் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைவதும், பையன்கள் வருவது அப்படிக் குறையாததும் தெரியவந்தது. ஒரே திறந்த மைதானம் என்றால் பந்து வைத்திருப்பவர்களே அதை முழுவதும் எடுத்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் இடத்துக்காகப் போட்டியிடாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். நகர நிர்வாகம் இரண்டு பூங்காக்களில் நடைபாதைகளைக் கூட்டி, வாலிபாலுக்கும் பாட்மிண்டனுக்கும் இடம் ஒதுக்கி, செடிகொடிகளால் திறந்தவெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தது. பெண்கள் திரும்பி வந்தார்கள். ஆகவே பல மூலைகள் உள்ள இடத்தைத் தேடுங்கள்: எதிரெதிராக உட்கார்ந்து பேச இருக்கைகள், பெரியவர்களையும் தாங்கும் ஊஞ்சல், நல்ல வெளிச்சம். அவளோடு ஒரு தோழியையும் அழைத்துப்போங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

கேள்வி: மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். திடலுக்குப் போனால் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. தாங்க முடியவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மனம் ஆறவில்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 31ஆவது பிரிவில் விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும்.

திடலைத் தேர்ந்தெடுக்கும்போது வாசலிலிருந்து கருவிவரை சக்கரத்தின் பாதையை நடந்து பாருங்கள். மணலிலும் ஆழமான மரச்சில்லிலும் சக்கரம் புதைந்துவிடும். உங்களுக்கு ரப்பர் தரைதான் ஏற்றது. சாய்தளம் மேல்தளம்வரை போகிறதா, நாற்காலியிலிருந்து மாறி உட்கார அதே உயரத்தில் மேடை இருக்கிறதா, ஊஞ்சலில் முதுகையும் உடலையும் தாங்கும் இருக்கை உண்டா, மணல்தொட்டி மேசை உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தரைமட்டத்திலேயே பதித்த ராட்டினத்தில் நாற்காலியோடு ஏறிச் சுற்றலாம். மற்ற பிள்ளைகளும் விரும்பி ஏறுவார்கள் என்பதால் உங்கள் மகன் அவர்கள் நடுவில் இருப்பான்.

இவை எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 'வசதி இல்லை' என்று பொதுவாக எழுதினால் பதில் வருவது கடினம். எந்த இடத்தில் படி தடுக்கிறது, அதன் உயரம் எவ்வளவு, வாசல் எத்தனை அங்குல அகலம், நாற்காலி எவ்வளவு அகலம் என்று அளந்து, படத்தோடு அனுப்புங்கள். தள்ளுவண்டியில் குழந்தை கொண்டுவருகிறவர்களுக்கும், கைத்தடியோடு நடக்கும் முதியவர்களுக்கும் அதே படி தடைதான். அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.