பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? கேட்டவையும் என் பதில்களும்

கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடுகளையும் ஒரு லைன் வீட்டையும் நானே நின்று பழுது பார்த்து வாடகைக்கு விட்டு வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அண்ணா, அப்பா விட்டுப்போன வீடு. நாட்டு ஓடு, நடுவில் முற்றம். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. டைல்ஸ் போட்டு பெயின்ட் அடித்தால் வாடகை கூடும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா? (மன்னார்குடி)

வேண்டாம்மா. முதலில் கூரை, அடுத்து தண்ணீர் வெளியேறும் வழி, மூன்றாவது ஒயரிங். பெயின்ட் கடைசி. ஒழுகுகிற வீட்டில் புது டைல்ஸைப் பார்த்து வருகிற குடித்தனக்காரர் முதல் மழையோடு காலி செய்துவிடுவார்.

சித்திரை, வைகாசியில் ஓட்டைப் பிரியுங்கள். ஐப்பசி வாசலுக்கு வந்த பிறகு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் மரம் ஈரமாக இருக்கும். பிரிக்கும்போது நீங்களே கூட நில்லுங்கள். உடைந்த ஓட்டை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். பார்க்க வேண்டியது, ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரமான கைமரம் சுவருக்குள் போகிற முனையை. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் முனை உளுத்துவிட்டது. பல நேரம் முழு மரத்தையும் மாற்ற வேண்டியிருக்காது. நல்ல ஆசாரி உளுத்த பகுதியை வெட்டி, பழைய தேக்கை ஒட்டுப்போட்டுக் கொடுப்பார்.

முற்றத்து வீட்டில் பெரும்பாலும் ஒழுகுவது நாலு மூலையிலும் இரண்டு கூரை சேருகிற கூடல்வாய்தான். அங்கே போட்ட தகடு துருப்பிடித்திருந்தால் பட்டி வைத்து அடைக்காதீர்கள், புதுத் தகடே போடுங்கள். தரை சிவப்புக் காவித் தரையா? தயவுசெய்து உடைக்காதீர்கள். கழுவி, காய்ந்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் போதும், எந்த டைல்ஸும் பக்கத்தில் நிற்காது.

சுவரில் கீழே மூன்று அடிக்கு உப்பு பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசினோம், அடுத்த வருஷமே அதற்கு மேலே பொரிந்துவிட்டது. என்னதான் செய்வது? (மயிலாடுதுறை)

அந்த சிமென்ட்தான் காரணம். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அந்தக் காலத்தில் கடைக்காலுக்கு மேலே ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தரையின் ஈரம் உப்போடு சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, அங்கே பூச்சைத் தள்ளும். வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான்.

ஈரம் தெரிகிற இடத்துக்கு ஒரு அடி மேல் வரை சிமென்டைக் கொத்தி எடுங்கள். கோடை முழுக்கச் சுவரை அப்படியே காய விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு வைத்துப் பூசி, மேலே வெள்ளையடியுங்கள்.

அதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். நம் ஊர்த் தெருக்களில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, திண்ணை வரை தெரு உயர்ந்துவிட்டது. வெளியே மண் மட்டம் உள்தரையை விட உயரமாக இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. சுவரை ஒட்டி மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுங்கள். சுவரின் மறுபக்கம் குளியலறை இருந்தால் அதன் குழாயையும் சோதித்துவிடுங்கள்.

குடியிருப்பவர் ஏசி வைக்கக் கேட்கிறார். மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடுகிற பழைய பட்டை ஒயரிங், தாங்குமா தம்பி? (பாபநாசம்)

தாங்காதுங்கம்மா. பழைய பட்டை ஒயரிங்கில் பெரும்பாலும் எர்த்தே இருக்காது. ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர், தனி பிரேக்கர், 16 ஆம்பியர் பாயின்ட். புது எர்த் குழி போட்டு, மின்கசிவு வந்தால் உடனே கரன்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வைத்துவிடுங்கள். ஈரச் சுவர் உள்ள வீட்டில் இது உயிர் காக்கிற விஷயம். இந்தச் செலவைக் குடித்தனக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

ஐந்து லட்சம் ஒத்திக்குக் கேட்கிறார்கள், மாத வாடகை கிடையாது. அந்தப் பணத்தில் வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். (திருவாரூர்)

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒத்திப் பணம் உங்கள் பணமில்லை, கடன். மூன்று வருஷம் கழித்து அவர் கிளம்பும்போது மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். அதை ஓட்டிலும் மரத்திலும் போட்டுவிட்டால் எங்கிருந்து எடுப்பீர்கள்? அடுத்த ஒத்திக்காரரைத் தேடி ஓடுவீர்கள், அவர் சொல்வதுதான் தொகை. வாடகையே வராததால் நடுவில் மோட்டார் போனாலும் கைக்காசு.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளாதீர்கள். சுவாதீனத்தோடு கொடுக்கிற அடமானம் அது, பத்திரப் பதிவு வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அதுதான் பாதுகாப்பு. என்னைக் கேட்டால், கூரைக்கு மட்டும் சிறிய கடன் வாங்கி, வாடகையிலிருந்து அடைத்துவிடுங்கள்.

பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டால் போதும்தானே? அட்வான்ஸ் பத்து மாதம் வாங்கலாமா? (தஞ்சாவூர்)

1960 வாடகைச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. நான் மூன்று மாதம்தான் வாங்குகிறேன். பத்து மாதம் கேட்டால் நல்ல குடும்பங்கள் வாசலோடு திரும்பிவிடுகின்றன.

நான் வாடகைக்கு இருப்பவள். குழாய் ஒழுகினால் யார் செலவு? வீட்டுக்காரர் நினைத்த நேரம் உள்ளே வருகிறார், தடுக்க முடியுமா அண்ணா? (கும்பகோணம்)

குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை உங்கள் பொறுப்பு. கட்டட உறுதி, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் அவருடையது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால் அதன்படி. வேலைக்காக உள்ளே வருவதென்றால் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், தங்கச்சி. நான் முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான் போவேன். வீடு என்னுடையது, குடும்பம் அவர்களுடையது.

மூன்று மாதமாக வாடகை வரவில்லை. கரன்டைப் பிடுங்கிவிடலாமா? (வலங்கைமான்)

கூடாது. தண்ணீரோ மின்சாரமோ நிறுத்துவது சட்டப்படி தப்பு, உங்கள் வழக்கே பலவீனமாகிவிடும். எழுத்தில் கேளுங்கள், பிறகு வாடகை நீதிமன்றம் போங்கள். அதற்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். வேலை போனவருக்குத் தவணை கொடுத்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.

ஓடு மாற்றிய பில்லை வருமான வரியில் கழிக்கலாமா?

தனியாக முடியாது. வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நேரடியாகக் கழிவு கிடைக்கும், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும். பழுதுக்குக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம். அதனால் வங்கியில் வட்டிச் சான்று வாங்கி வையுங்கள். ஓட்டு பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், எந்த வருஷம் எந்தப் பக்கம் பிரித்தோம் என்பது அடுத்த முறை ஆசாரிக்கு உதவும்.