பெரிய படகை விற்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

மலேசிய மேற்குக் கரையில் லுமுட்டிலுள்ள படகுப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம். நான் ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்துப் பிழைத்தவன். என்னிடம் 32 அடி கேபின் படகு ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் கட்டியது, ஃபைபர்கிளாஸ், இரண்டு டீசல் எஞ்சின், படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் இருக்கிறது. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினேன். பிள்ளைகளோடு செம்பிலான் தீவுப் பக்கம் போய் இரவு தங்கி மீன் பிடித்த காலம் உண்டு. இப்போது ஒருவன் கோலாலம்பூரில், ஒருவன் மெல்பர்னில். எனக்கு 67, மனைவிக்கு மூட்டு வலி. படகு லுமுட்டில் சும்மா நின்று வாடகை தின்கிறது.

விற்றுவிட்டு 19 அடியில் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். எஞ்சினைப் புதுப்பித்து விற்பதா, இப்படியே தள்ளிவிடுவதா? பார்த்து வைத்திருக்கும் சின்னப் படகிலும் முன்னால் ஒரு குட்டி கேபின் இருக்கிறது. கூட்டாளிகள் "என்னப்பா, இறங்கிட்டே போலிருக்கே" என்று கேலி பண்ணுகிறார்கள். போட்ட காசில் பாதிகூட வராது என்பதுதான் உறுத்துகிறது.

பெயர் வேண்டாம்
ஊத்தான் மெலிந்தாங்


அன்புள்ள அண்ணன்,

விற்றுவிடுங்கள். எஞ்சினை மாற்ற வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடுங்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். படகுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இரும்புக் கப்பலையாவது உடைத்து எடைக்குப் போடலாம். ஃபைபர்கிளாஸை உருக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஓடாமல் போன படகை அப்புறப்படுத்த நாம்தான் செலவழிக்க வேண்டும். வாங்க ஆள் வராமல், மழைநீர் நிறைந்து, கயிற்றிலேயே மக்கிப்போன படகுகளைப் பட்டறையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோருமே நல்ல விலைக்குக் காத்திருந்தவர்கள்.

போட்ட காசை மறந்துவிடுங்கள். அது பிள்ளைகளோடு கடலில் கழித்த ராத்திரிகளுக்குக் கொடுத்தது, செலவாகிவிட்டது. இன்றைக்கு அந்தப் படகு என்ன தின்கிறது என்று மட்டும் பாருங்கள். டீசல் எஞ்சின் முழு வேகத்தில் 100 குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் குடிக்கும். உங்களுடையது தலா 200 குதிரைத் திறன் என்று வைத்துக்கொண்டால், நிதானமாக ஓட்டினாலே இரண்டும் சேர்ந்து மணிக்கு ஐம்பது லிட்டரைத் தாண்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தபோது லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது நினைவிருக்கும். லாரி வைத்திருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரே ராத்திரியில் அறுபது வெள்ளி கூடிவிட்டது. உங்கள் படகை வாங்க வருகிறவரும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வருவார். 19 அடியில் 115 குதிரைத் திறன் பெட்ரோல் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்), நிதானமாக ஓட்டினால் மணிக்கு இருபது லிட்டருக்கு அக்கம்பக்கம்தான் குடிக்கும்.

எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன். புது டீசல் எஞ்சின் இரண்டு போட்டால் அந்தச் செலவு விலையில் திரும்பி வராது. முப்பது வருஷப் படகில் புது எஞ்சினைப் பார்த்தால், முன்பு என்ன கோளாறு இருந்ததோ என்றுதான் கேட்பார்கள். சின்னச் செலவுகளைச் செய்யுங்கள். தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர், பெல்ட், வெடித்த ரப்பர் குழாய்கள், பேட்டரி, உலோகத்தை உப்பு அரிக்காமல் இருக்க அடியில் மாட்டும் துத்தநாகக் கட்டிகள், பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்பின் மிதவை சுவிட்ச் - இவ்வளவு போதும். அப்புறம் வாசனை. வாங்குகிறவர் கேபினுக்குள் இறங்கியதும் முதலில் மூக்குதான் முடிவு செய்யும். பழைய மெத்தைகளைத் தூக்கிப் போடுங்கள். பில்ஜில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மூடிகளைத் திறந்து வைத்து நன்றாகக் காயவிடுங்கள். அந்த எண்ணெய்த் தண்ணீரைக் கடலில் விடாதீர்கள்.

ஆள் வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைக்காதீர்கள். விஷயம் தெரிந்தவர் வந்ததும் எஞ்சின் பிளாக்கில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற எஞ்சின் என்று எழுதிக்கொள்வார். ஆறிய எஞ்சினை அவர் முன்னால் ஓடவிட்டுப் புகையைக் காட்டுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளையாக வந்து தெளிந்தால் கவலையில்லை. நீலமாகவே வந்தால் எண்ணெய் எரிகிறது. சுமை கொடுக்கும்போது கறுப்பாகவே வந்தால் காற்று போதவில்லை, இன்ஜெக்டர் சரியில்லை, இல்லாவிட்டால் அடிப்பக்கம் கொட்டலசு (சிப்பிபோல் ஒட்டிக்கொள்ளும் கடல் உயிரி) அப்பியிருக்கிறது. எண்ணெய்க் கம்பியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதை நீங்களே முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு சோதனையும் பண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்று எடுத்து மேல்தளம் முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கம்பித் தூண் நிற்கும் இடங்கள், ஜன்னல் ஓரங்கள், நங்கூரச் சங்கிலி இறங்கும் பக்கம் - இங்கெல்லாம் காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஃபைபருக்குள் இருக்கும் பலகை ஊறிப்போன இடத்தில் 'தொப்' என்று அமுங்கிக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, வருகிறவரிடம் நீங்களே காட்டுங்கள். மறைத்து வைத்தால் படகைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிச் சோதிக்கும் நாளில் எப்படியும் வெளியே வரும், அப்போது விலையை இன்னும் அதிகமாகக் குறைப்பார்கள். படகைத் தூக்கும் செலவும் அதைப் பரிசோதிக்கும் சர்வேயரின் கூலியும் வாங்குகிறவருடையது என்று முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பழைய படகுக்கு இன்சூரன்ஸ்காரர்களும் சர்வே அறிக்கை கேட்பார்கள், அதனால் வாங்குகிறவருக்கும் அது வேண்டியதுதான். காகிதம் பெரிய விஷயமில்லை. உரிமத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் உண்மையான நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, கடல்துறை இலாகாவில் பெயர் மாற்றியதும் சாவியைக் கொடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

யார் வாங்குவார்கள்? உங்களைப்போல் குடும்பத்தோடு தங்கப் போகிறவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். லுமுட், பங்கோர் பக்கம் பெரும்பாலும் மீன்பிடிச் சுற்றுலாவுக்கு ஆள் ஏற்றுகிறவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு எஞ்சினும் பின்தளமும் போதும். அண்ணி சமைத்த மேடையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஐஸ் பெட்டி வைப்பார்கள். வயிறு எரியும்தான். விற்ற பிறகு அந்தப் படகைப் போய்ப் பார்க்காதீர்கள்.

படகைக் கடலில் ஓட்டிக் காட்ட நம் மேற்குக் கரையில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல சமயம். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும்போது நம் பக்கம் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். இதை விற்கும் முன் சின்னப் படகை வாங்காதீர்கள். இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது உங்கள் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

சின்னப் படகில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. குட்டி கேபின் உள்ள 19 அடியை விட்டுவிடுங்கள். அது பழைய படகின் ஏக்கத்தில் கண்ணுக்குப் பட்டது. அந்த கேபினுக்குள் நிமிர்ந்து உட்கார முடியாது, நம் வெயிலில் மத்தியானம் உள்ளே இருக்கவும் முடியாது. கடைசியில் லைஃப் ஜாக்கெட் போட்டு வைக்கும் அறையாகிவிடும். அந்த இடத்தைப் பின்தளமாகவே வைத்திருந்தால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நடுவில் ஸ்டீயரிங், மேலே நல்ல கூரை, பின்னால் அவுட்போர்டு உள்ள திறந்த படகைப் பாருங்கள். அவுட்போர்டைத் தூக்கிக்கொண்டால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் நகரலாம். பெர்ணம் ஆற்று முகத்தில், வற்றம் இறங்கி இருபுறமும் சேறு தெரியும் நேரத்தில் பெரிய படகை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு இனி இருக்காது. டிரெய்லரில் வைத்து ஹைலக்ஸ் வண்டியில் இழுத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம், லுமுட் வாடகையும் மிச்சம். ஒவ்வொரு முறை வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். அதில் சோம்பல் பட்டால் உப்பு தின்றுவிடும்.

காசு கொடுப்பதற்கு முன் அண்ணியை ஒரு முறை படகில் ஏற்றி உட்காரவைத்துப் பாருங்கள். மூட்டு வலிக்காரர் படகுத்துறையிலிருந்து இறங்கக் கால் வைக்கப் படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, சாய மெத்தை இருக்கிறதா? இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கழிவறை இல்லாத படகில் பெண்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள், காரணத்தையும் சொல்லமாட்டார்கள். கையில் தூக்கும் கழிவறைப் பெட்டி கிடைக்கிறது. ஸ்டீயரிங் மேடையின் உள்ளே அதை வைக்க இடமும் கதவும் உள்ள படகாகப் பார்த்து வாங்குங்கள். இது இல்லாமல் வாங்கினால் நீங்கள் தனியாகத்தான் போவீர்கள்.

இரண்டு எஞ்சினிலிருந்து ஒன்றுக்கு வருகிறீர்கள், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடவே ஆறு குதிரைத் திறன் சின்ன அவுட்போர்டு ஒன்று, கடலில் பேச கையடக்க விஎச்எஃப் ரேடியோ, நல்ல நங்கூரம் வேண்டும். பழைய படகின் நங்கூரம் இதற்குப் பெரிது, அதோடேயே விற்றுவிடுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராக் காற்று (மேற்கிலிருந்து திடீரென்று வரும் புயல்காற்று) வரும் மாதங்கள். மேற்கே கறுப்புக் கோடு போட்டது மாதிரி மேகம் தெரிந்தால், 32 அடியில் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பீர்கள். 19 அடியில் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். செம்பிலானில் இரவு தங்குவதெல்லாம் இனி இல்லை. போன அன்றே திரும்புங்கள்.

கூட்டாளிகள் கேலி பண்ணுவதற்கு என்னிடம் பதில் இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து கேபின் படகு வைத்திருந்தவர் என்ற பெருமை உங்களுக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பெருமைக்கு மாத வாடகை கட்டுவது அவர்கள் இல்லை.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போது சூரியாஸ்தமனப் படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறை, பில்ஜ், மின்சாரப் பலகையின் பின்பக்கம், அடிப்பகுதி - இந்த நாலும் கட்டாயம் இருக்கட்டும். போடும் முன் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.